மாகாண சபை இல்லாத மாகாணத்தில் யாரைக் கேட்பது?

பின்னால் வாசிக்கிறவர்களுக்காகக் கேள்வியைச் சுருக்கித் தருகிறேன். முல்லைத்தீவு மாவட்டத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: "எங்கள் பாடசாலையில் ஒன்றரை வருடமாகக் கணித ஆசிரியர் இல்லை. ஊர் ஆஸ்பத்திரிக்குக் கிழமையில் இரண்டு நாள்தான் டொக்டர் வருகிறார். பிரதான வீதியிலிருந்து பாடசாலைக்குப் போகும் பாதை மாரியில் குளமாகிவிடும். எல்லாம் மாகாண சபையின் வேலை என்கிறார்கள். சபையோ 2018 இல் முடிந்துவிட்டது. இப்போது யாரைப் பிடித்துக் கேட்பது? சபை இருந்திருந்தால் மட்டும் பதில் சொல்லியிருப்பார்களா?"

இதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. இந்த வேலைகள் உண்மையில் யாருடையவை? அவர்களைப் பதில் சொல்ல வைக்க இன்றைக்கு என்ன வழி? கடைசியாக, கொஞ்சம் மனம் கசந்து கேட்டது: மாகாண சபை என்று ஒன்று இருந்ததால் ஏதாவது பயன் இருந்ததா? முதலாவதற்கு உறுதியாகப் பதில் சொல்லலாம். இரண்டாவதற்கு அனுபவத்தில் தெரிந்ததைச் சொல்கிறேன். மூன்றாவதில் என் அபிப்பிராயம்தான் இருக்கும், மற்றவர்கள் மாறுபடலாம்.

என்னைப் பற்றி இவ்வளவு போதும்: வடக்கும் கிழக்கும் ஒரே மாகாணமாக இருந்த காலத்தில் சேவையில் சேர்ந்து, 2007 இல் பிரிந்த பிறகு வடக்கில் தொடர்ந்து, ஓய்வுபெறும்வரை கணக்குக் கிளையிலும் திட்டமிடல் கிளையிலும் இருந்தவன். சட்டத்தரணி அல்ல. ஆகவே வழக்கு என்று வரும் இடத்தில் நான் சொல்வதை வைத்துக்கொண்டு நீதிமன்றப் படி ஏறவேண்டாம், ஒரு சட்டத்தரணியிடம் கேளுங்கள். இன்னொன்று, 'பொறுப்புக்கூறல்' என்ற சொல் எங்கள் பக்கத்தில் ஜெனீவாவோடு, அதாவது ஐ.நா.வில் பேசப்படும் போர்க்காலக் குற்றங்கள் பற்றிய விசாரணையோடு, ஒட்டிப்போய்விட்டது. அது வேறு, பெரிய விடயம். நான் இங்கே எழுதுவது ஒழுங்கை, ஆஸ்பத்திரி, வகுப்பறை பற்றிய பொறுப்புக்கூறல்.

சரி, முதலில் யாருடைய வேலை என்பது. 1987 இல் வந்த 13 ஆம் திருத்தம் அதிகாரங்களை மூன்று நிரல்களாகப் பிரித்தது. மாகாணத்துக்கு ஒன்று, மத்திக்கு ஒன்று, இரண்டு பேருக்கும் பொதுவாக ஒன்று. மாகாண நிரலில் தேசிய பாடசாலைகள் தவிர்ந்த பாடசாலைகள், போதனா வைத்தியசாலைகளும் விசேட வைத்தியசாலைகளும் தவிர்ந்த வைத்தியசாலைகள், மாகாண வீதிகள், உள்ளூராட்சி, கூட்டுறவு எல்லாம் இருக்கின்றன. வாசிக்கும்போது நிறையத் தந்துவிட்டதுபோல் தெரியும். ஆனால் மத்தியின் நிரலில் முதல் வரியே 'எல்லா விடயங்கள் பற்றியதுமான தேசியக் கொள்கை' என்று நிற்கிறது. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு கொழும்பு எதற்குள்ளும் கை வைக்கலாம், வைத்தும் இருக்கிறது. ஒரு நாள் பாடசாலை ஒன்று மாகாணத்தின் கையில் இருக்கும், அடுத்த நாள் தேசிய பாடசாலை என்று பலகை மாறும்.

உங்கள் மூன்று முறைப்பாடுகளையும் எடுத்துப் பார்த்தால் இது நடைமுறையில் எப்படி இருக்கிறது என்று தெரியும். பாதையிலிருந்து தொடங்குவோம். ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையுடையவை, அது மத்திய அரசு. சி, டி தரம் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துடையது. மிச்ச உள்வீதிகளும் ஒழுங்கைகளும் பிரதேச சபைக்கு. பிரதான வீதியில் பஸ்ஸால் இறங்கி, ஐந்நூறு மீற்றர் நடந்து, வலப்பக்கம் திரும்பிப் பாடசாலை வாசலுக்கு வருவதற்குள் உங்கள் பிள்ளை மூன்று அரசாங்கங்களைக் கடந்துவிடுகிறது. குளமாகிற துண்டு எந்த அரசாங்கத்துடையது என்று தெரியாமல் எழுதும் கடிதம் மூன்று கந்தோர்களையும் சுற்றிவிட்டு உங்களிடமே திரும்பி வரும். 'இது எமது நிரலில் இல்லை' என்று ஒரு வரி எழுதி அனுப்பிவிடுவது கந்தோரில் மிக இலகுவான வேலை. நானும் எழுதியிருக்கிறேன்.

ஆஸ்பத்திரி இன்னும் சிக்கல். கட்டடம், கட்டில், சிற்றூழியர், அம்புலன்ஸ், எரிபொருள் எல்லாம் மாகாணத்தின் தலையில். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை கொழும்பின் கீழ், உங்கள் ஊர் ஆஸ்பத்திரி மாகாணத்தின் கீழ். ஆனால் வைத்தியரை அனுப்புவது கொழும்பிலுள்ள சுகாதார அமைச்சு, வருடாந்த இடமாற்றப் பட்டியல் வழியாக. அதாவது கட்டடம் ஒருவருடையது, அதற்குள் இருக்க வேண்டிய டொக்டர் இன்னொருவருடையவர். மாகாண அமைச்சர் ஒருவர் இருந்த காலத்திலும் அவரால் ஒரு வைத்தியரை நியமிக்க முடியவில்லை. அவரால் முடிந்தது, பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளரைக் கொண்டு மாவட்டத்துக்குள் இருக்கிறவர்களைக் கிழமை முறையில் பகிர்ந்தளிப்பது. உங்கள் ஊருக்கு இரண்டு நாள் டொக்டர் வருவது அப்படித்தான். ஆகவே 'ஏன் டொக்டர் இல்லை' என்பது கொழும்புக்குரிய கேள்வி. 'இருக்கிற டொக்டர்மாரை எந்தக் கணக்கில் பகிர்ந்தீர்கள், எங்களுக்கு ஏன் இரண்டு நாள், பக்கத்து ஊருக்கு ஏன் ஐந்து நாள்' என்பது முல்லைத்தீவில் இருக்கிற பிராந்தியப் பணிப்பாளருக்குரிய கேள்வி.

ஆசிரியர் விடயம் மட்டும் பெரும்பாலும் மாகாணத்தின் கையில்தான் இருக்கிறது. கல்வியியற் கல்லூரியிலிருந்து வெளியே வருகிறவர்களை மத்தி பகிர்ந்து அனுப்புவது உண்மை. ஆனால் மாகாணப் பாடசாலைக்கு வந்த பிறகு ஓர் ஆசிரியர் எங்கே இருக்கவேண்டும் என்பதை முடிவு செய்வது மாகாணக் கல்வித் திணைக்களமும் வலயக் கல்விப் பணிமனையும். இங்கேதான் வெளியில் இருக்கிறவர்களுக்கு அதிகம் தெரியாத ஒரு சங்கதி இருக்கிறது: 'இணைப்பு'. ஓர் ஆசிரியரின் நியமனம் உங்கள் பாடசாலையில் இருக்கும். அவர் உடல்நலம், குடும்பம், வேறு காரணம் சொல்லித் தற்காலிக இணைப்பில் நகரத்துப் பாடசாலைக்குப் போயிருப்பார். தற்காலிகம் என்பது ஆறு மாதம், பிறகு இன்னொரு ஆறு மாதம். வன்னிப் பாடசாலையின் ஆளணிப் பட்டியலில் கணித ஆசிரியர் இருப்பார், கரும்பலகைக்கு முன்னால் இருக்கமாட்டார். நீங்கள் 'வெற்றிடம் நிரப்புங்கள்' என்று எழுதினால், 'மேற்படி பாடசாலையில் வெற்றிடம் இல்லை' என்று பதில் வரலாம். கடதாசியின்படி அது பொய்யுமல்ல. சில இணைப்புகளுக்கு நியாயமான காரணம் உண்டு, அதையும் சொல்லவேண்டும். புற்றுநோய்ச் சிகிச்சை எடுக்கிறவரைப் புதுக்குடியிருப்பில் இரு என்று சொல்ல முடியாது. ஆனால் அப்படிப் போகும் ஒவ்வொருவருக்கும் பதிலாக ஒருவரை அனுப்புகிறார்களா என்பதுதான் கேட்கவேண்டியது.

இனி, யார் பதில் சொல்வது. வடக்கில் 2013 செப்டெம்பர் 21 இல் தேர்தல் நடந்தது. 38 ஆசனத்தில் 30 தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்கு. ஐந்து வருடம் ஓடி 2018 ஒக்டோபரில் சபையின் காலம் முடிந்தது. அதற்கு முன்பே, 2017 இல், பாராளுமன்றம் மாகாண சபைத் தேர்தல் முறையைத் தொகுதிவாரியும் விகிதாசாரமும் சேர்ந்த கலப்பு முறைக்கு மாற்றிவிட்டது. கலப்பு முறைக்குத் தொகுதி எல்லை பிரிக்கவேண்டும். பிரித்துத் தந்த அறிக்கை 2018 ஓகஸ்டில் பாராளுமன்றத்தில் வாக்கெடுப்புக்கு வந்தபோது ஆதரவாக ஒரு வாக்குக்கூட விழவில்லை. எதிராக 139. சமர்ப்பித்த அமைச்சரே எதிர்த்து வாக்களித்தார். பிறகு மீளாய்வுக் குழு இரண்டு மாதத்தில் அறிக்கை தரவேண்டும் என்றது சட்டம், அது தரவில்லை. பழைய முறை சட்டத்தில் இல்லை, புதிய முறைக்கு எல்லை இல்லை. இந்த இடைவெளிக்குள் நாட்டின் 9 மாகாண சபைகளும் ஒவ்வொன்றாக விழுந்தன. வடக்கைப் பழிவாங்கச் செய்தது என்று எங்கள் மேடைகளில் சொல்வார்கள். காலியிலும் கண்டியிலும்கூட சபை இல்லை என்பதை அந்த மேடைகளில் சொல்வதில்லை.

சபை இல்லாதபோது மாகாணத்தை ஆளுநர் நடத்துகிறார். அவரை நியமிப்பவர் ஜனாதிபதி, நீக்குவதும் அவரே. முன்பு கைதடியில் சபை கூடி விவாதித்து நிறைவேற்றிய வருடாந்த நிதிக் கூற்று இப்போது ஆளுநரின் கையெழுத்தோடு முடிந்துவிடும். நல்ல ஆளுநர்களும் வந்திருக்கிறார்கள், சிலர் மக்கள் சந்திப்பு நாள் வைத்து வரிசையில் நிற்கிறவர்களின் கடிதத்தைக் கையில் வாங்கியும் இருக்கிறார்கள். ஆனால் ஒருவருடைய நல்ல மனதை நம்பியிருப்பது வேறு, கேள்வி கேட்டால் பதில் சொல்லியே ஆகவேண்டிய ஏற்பாடு வேறு.

அந்த ஏற்பாடு எப்படி இருந்தது என்பதை உள்ளே இருந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். சபை அமர்வுக்கு முன் உறுப்பினர்களின் வாய்மொழி வினாக்கள் அமைச்சு வழியாகத் திணைக்களத்துக்கு வரும். நான் இருந்த திணைக்களத்தில் அந்தக் கடிதம் வந்த அன்று மத்தியானச் சாப்பாடு பிந்தும். சிவப்பு மையில் 'மிக அவசரம்' என்று மூலையில் எழுதியிருக்கும். ஒருமுறை ஓர் உறுப்பினர் கேட்டிருந்தார்: இன்ன பிரதேசத்தில் இன்ன கட்டடத்துக்கு ஒதுக்கிய தொகை எவ்வளவு, செலவழித்தது எவ்வளவு, முடிக்கவேண்டிய திகதி எது, முடியாததற்குக் காரணம் என்ன. நான்கே நான்கு வரி. அந்தப் பைலை யாரும் எட்டு மாதமாகத் தொட்டிருக்கவில்லை. ஒப்பந்தக்காரர் அத்திவாரம் போட்டு முற்பணத்தை வாங்கிக்கொண்டு வேறு வேலைக்குப் போயிருந்தார். அன்று பின்னேரமே பொறியியலாளர் ஜீப்பில் போனார், ஒப்பந்தக்காரருக்குக் கடிதம் போனது, இரண்டு கிழமையில் சீமெந்து இறங்கியது. சபையில் அந்த வினாவுக்கான பதில் வாசிக்கப்பட்டபோது அரைவாசிக் கதிரைகள் காலியாகத்தான் இருந்தன என்று பிறகு கேள்விப்பட்டேன். பரவாயில்லை. வேலையைச் செய்ய வைத்தது விவாதம் அல்ல, அந்த நான்கு வரி.

அதேபோல, எங்களிடமிருந்து எந்த வேலையும் வாங்காத வினாக்களும் வரும். 'மக்கள் படும் துன்பம் பற்றி அமைச்சர் அறிவாரா?' அறிவார் என்று பதில் எழுதுவோம். 'இதற்கு உரிய நடவடிக்கை எடுக்கப்படுமா?' 'நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகின்றது.' இந்த வசனத்தை என் வாழ்நாளில் எத்தனை தரம் தட்டச்சு செய்யக் கொடுத்திருப்பேன் என்று கணக்கில்லை. நோகாமல் பதில் சொல்லக்கூடிய கேள்வியைக் கேட்டால் நோகாத பதில்தான் வரும். இதை நன்றாக நினைவில் வைத்திருங்கள், கீழே திரும்ப வரப்போகிறேன்.

இப்போது உங்கள் மூன்றாவது கேள்வி. சபை இருந்த ஐந்து வருடத்தில் பெருமைப்படக் கூடியதாக அதிகம் நடக்கவில்லை என்பதுதான் என் எண்ணம். தீர்மானங்கள் நூற்றுக்கணக்கில் நிறைவேறின. சட்டமாக நிற்கக்கூடிய நியதிச் சட்டங்கள் அதோடு ஒப்பிட்டால் சொற்பம். முதலமைச்சர் நிதியம் போன்றவற்றுக்கு மேலிருந்து முட்டுக்கட்டை போட்டார்கள் என்பதும் உண்மைதான். ஆனால் முட்டுக்கட்டை இல்லாத இடங்களிலும் வேகம் போதவில்லை. முதலமைச்சர் விக்னேஸ்வரன் தன் அமைச்சர்கள்மீதான முறைப்பாடுகளை விசாரிக்கக் குழு போட்டார். 2017 இல் குழு இரண்டு அமைச்சர்கள்மீது குற்றம் கண்டது. ஒரு மாகாண அரசு தன்னைத்தானே விசாரித்தது நல்ல தொடக்கம் என்றுதான் அன்று நான் நினைத்தேன். ஒரு கிழமைக்குள் அது முதலமைச்சருக்கு எதிரான நம்பிக்கையில்லாப் பிரேரணையாகி, கட்சிச் சண்டையாகி, ஊர்வலமாகி முடிந்தது. கேள்வி கேட்கப்பட்ட காசும் திட்டங்களும் பேச்சிலிருந்து மறைந்துபோயின. அடுத்து இன்னோர் அமைச்சரை முதலமைச்சர் நீக்க, அவர் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனார். நீக்கியதைத் தடுத்து 2018 ஜூனில் இடைக்கால உத்தரவு வந்தது. முதலமைச்சரோடு நான்கு அமைச்சர்கள்தான் இருக்கலாம் என்று அரசியலமைப்புச் சொல்கிறது. பழையவரும் புதியவர்களுமாகச் சேர்ந்தால் ஐவர். கடைசிச் சில மாதங்கள் அமைச்சர் வாரியம் சட்டப்படி இருக்கிறதா என்பதையே வாதாடிக்கொண்டிருந்தார்கள். அந்தக் காலத்தில் எங்கள் கந்தோருக்கு வந்த வினாக்களும் குறைந்துவிட்டன.

சுன்னாகம் நிலத்தடி நீர் விவகாரம் இன்னோர் உதாரணம். சுன்னாகத்திலும் சுற்றுப்புறத்திலும் கிணற்றுத் தண்ணீரில் எண்ணெய் மிதக்கிறது என்று மக்கள் 2014 இன் கடைசியிலும் 2015 தொடக்கத்திலும் தெருவுக்கு வந்தார்கள். அனல்மின் நிலையத்துக் கழிவெண்ணெய்தான் காரணம் என்றார்கள். மாகாண சபை நிபுணர் குழு போட்டது. தேசிய நீர் வழங்கல் சபையின் பரிசோதனைகள் பல கிணறுகளில் எண்ணெய் அளவுக்கு மிஞ்சி இருப்பதாகச் சொன்னபோது, மாகாணக் குழுவோ பயப்பட ஒன்றுமில்லை என்ற பக்கம் சாய்ந்தது. மக்கள் யாரை நம்புவது? கடைசியில் சுற்றாடல் ஆர்வலர் ஒருவர் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை வழக்குப் போட்டார். 2019 ஏப்ரலில், பாதிக்கப்பட்ட கிணற்றுக்காரருக்கு மின் நிலையத்தை நடத்திய நிறுவனம் 2 கோடி ரூபா நட்டஈடு கொடுக்கவேண்டும் என்று தீர்ப்பு வந்தது. அந்த நேரம் மாகாண சபை இல்லை, ஆறு மாதத்துக்கு முன்பே முடிந்துவிட்டது. மாகாணக் குழுவின் வேலையை யார் எப்படி மீளாய்வு செய்தார்கள் என்று சபைக்குள் ஒழுங்காக ஒரு நாள்கூட விவாதிக்கவில்லை என்பது என் மனக்குறை. எங்களுடைய ஆட்கள் என்பதால் எங்கள் ஆட்களிடம் கேள்வி கேட்பதைக் காட்டிக்கொடுப்பதாக நினைக்கிற பழக்கம் எங்களிடம் இருக்கிறது. அதைக் கொழும்பின் தலையில் போட முடியாது.

இவ்வளவும் சொல்லிவிட்டு, சபை வேண்டுமா என்றால் வேண்டும் என்பேன், அந்த நான்கு வரி வினாவுக்காகவே. 38 பேரில் ஐந்து பேர் ஒழுங்காக வினாக் கேட்டால் போதும், எட்டு மாதம் தூங்கிய பைல் விழிக்கும். இன்று அந்த ஐந்து பேரின் வேலையை மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில் பாராளுமன்ற உறுப்பினர்கள் கொஞ்சம் செய்கிறார்கள். கூட்டத்தில் கச்சேரி (மாவட்டச் செயலக) மண்டபம் நிறைந்திருக்கும், கெமராக்கள் இருக்கும், அதிகாரியை எழுப்பி நிற்க வைத்துக் கேட்பார்கள். அடுத்த கூட்டத்தில் போன கூட்ட அறிக்கையை எடுத்து, 'சொன்னது நடந்ததா' என்று கேட்கிறவர்கள் குறைவு.

காசு பற்றியும் ஒரு சொல். 'நிதி இல்லை' என்று அதிகாரி சொன்னால் அது எப்போதும் சாட்டு அல்ல. மாகாணத்துக்குச் சொந்த வருமானம் மிகக் குறைவு. நிதி ஆணைக்குழுவின் சிபாரிசுப்படி மத்தி தருவதில்தான் சம்பளமும் நடக்கிறது, அபிவிருத்தியும் நடக்கிறது. கந்தோரில் பி.எஸ்.டி.ஜி. என்று சொல்லும் அபிவிருத்திக் கொடை ஒதுக்கப்பட்டதாகக் கடதாசியில் இருக்கும், கைக்காசு வருட முடிவில்தான் வரும். டிசெம்பரில் அவசர அவசரமாகத் தார் ஊற்றுவதற்குக் காரணம் அதுதான். ஆகவே ஒதுக்கீடு எவ்வளவு என்று மட்டும் கேட்காதீர்கள். கிடைத்தது எவ்வளவு, எந்தத் திகதியில் கிடைத்தது, செலவழித்தது எவ்வளவு என்று மூன்றையும் கேளுங்கள். செலவழித்தது கிடைத்ததைவிடக் குறைவென்றால் நிதி இல்லை என்ற சாட்டு செல்லாது. மாகாணத்தின் கணக்குகளைக் கணக்காய்வாளர் நாயகம் பார்க்கிறார், அறிக்கை வருகிறது. சபை இருந்தால் அந்த அறிக்கையைக் குழுவில் வைத்துச் செயலாளரைக் கூப்பிட்டுக் கேட்கலாம். இப்போது அது இணையத்தில் கிடக்கிறது, நிருபர்கள் சிலர் மட்டும் வாசிக்கிறார்கள். நீங்களும் உங்கள் மாகாணத்துப் பக்கங்களைத் தேடி எடுக்கலாம்.

இனி, நீங்கள் செய்யக்கூடியது. சாதாரண ஆளின் கையில் இன்று இருக்கிற பலமான கருவி 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். 2017 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. மாகாணத் திணைக்களம், வலயப் பணிமனை, பிரதேச சபை எல்லாம் இதற்குள் வரும். ஒவ்வொன்றிலும் ஒரு தகவல் அலுவலர் இருக்கவேண்டும். தமிழில் எழுதலாம், ஏன் கேட்கிறேன் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால் அலுவலர் எழுதிக்கொள்ளவேண்டும். 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்லவேண்டும். மறுத்தாலோ பேசாமல் இருந்தாலோ அதே நிறுவனத்தில் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் 14 நாளுக்குள் மேன்முறையீடு. அதற்குப் பிறகும் சரிவரவில்லை என்றால் கொழும்பிலுள்ள தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கு இரண்டு மாதத்துக்குள் போகலாம். ஒப்படைத்ததற்குப் பற்றுச்சீட்டு வாங்காமல் கந்தோரை விட்டு வெளியே வராதீர்கள். நாட்கணக்கு அதிலிருந்துதான் தொடங்கும்.

என்ன கேட்பது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். 'எமது பிள்ளைகளின் எதிர்காலம் கருதி ஆசிரியரை நியமிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்' என்று எழுதினால் அது மனு, தகவல் கோரிக்கை அல்ல. மனுவுக்கு நான் மேலே சொன்ன வசனம்தான் பதிலாக வரும். உங்கள் இடத்தில் நானென்றால் வலயக் கல்விப் பணிமனைக்கு இப்படி எழுதுவேன்: இன்ன பாடசாலையின் அங்கீகரிக்கப்பட்ட ஆசிரியர் ஆளணி பாடவாரியாக எவ்வளவு, இன்றைய திகதியில் அந்த ஆளணிக்கெதிராகச் சம்பளம் பெறுகிறவர்கள் எத்தனை பேர், அவர்களில் வேறு பாடசாலைக்கு இணைப்பில் இருப்பவர்கள் எத்தனை பேர், எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதி வரை, கணித பாடத்துக்குப் பதிலீடாக யாரும் அனுப்பப்பட்டதா, ஆமென்றால் கடிதத்தின் பிரதி. பெயர் கேட்காதீர்கள். பெயர் கேட்டால் தனிப்பட்ட தகவல் என்று மறுக்க வழி கிடைத்துவிடும். எண்ணிக்கையும் திகதியும் பதவியும் போதும். ஐந்து கேள்விக்கு மேல் போடவும் வேண்டாம். இருபது கேள்வி போட்டால் இலகுவான பதினைந்துக்குப் பதில் எழுதிவிட்டு, நோகிற ஐந்தை விட்டுவிடுவார்கள். எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரு கலையே உண்டு.

பெற்றோர் சிலர் இப்படி எழுதி நடந்ததை நான் ஓய்வுபெற்ற பிறகு பக்கத்திலிருந்து பார்த்தேன். கோரிக்கையை எழுத நான்தான் உதவினேன். பதில் வந்தபோது விஞ்ஞானத்துக்கு இரண்டு பேர் சம்பளப் பட்டியலில் இருப்பது தெரிந்தது. ஒருவரைப் பிள்ளைகள் கண்டதே இல்லை. அந்த ஒரு பக்கத்தைப் பிரதி எடுத்துப் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் வைத்தார்கள், பிறகு ஒருங்கிணைப்புக் குழுவுக்குப் போகும் பாராளுமன்ற உறுப்பினர் இருவரிடம் கொடுத்தார்கள். இரண்டு பேரும் வெவ்வேறு கட்சி. அது வேண்டுமென்றே செய்தது. அடுத்த தவணை தொடங்கும்போது பதிலீட்டுக்கு ஒரு ரீச்சர் வந்தார். எல்லா இடத்திலும் இப்படி நடக்கும் என்று உறுதி தரமாட்டேன். இன்னோர் ஊரில் இதேபோல் கேட்டதற்கு மேன்முறையீடு வரை போய், விடை வரும்போது அந்த வகுப்புப் பிள்ளைகள் சாதாரண தரப் பரீட்சையே எழுதி முடித்துவிட்டார்கள்.

நீதிமன்றம் பற்றிப் பலருக்குத் தெரியாத ஒன்று: மாகாண நிரலில் உள்ள விடயங்களில் ஓர் அதிகாரி சட்டப்படி செய்யவேண்டியதைச் செய்யவில்லை என்றால், கொழும்புக்குப் போகாமல் மாகாண மேல் நீதிமன்றத்திலேயே எழுத்தாணை (அதைச் செய் என்று அதிகாரிக்கு நீதிமன்றம் இடும் கட்டளை) கேட்கலாம். 13 ஆம் திருத்தம் தந்ததுதான் அது. உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை வழக்கென்றால் ஒரு மாதத்துக்குள் போட்டாகவேண்டும். ஒன்றரை வருடமாகத் தொடரும் குறைக்கு அந்த ஒரு மாதத்தை எங்கிருந்து எண்ணுவது என்பது சட்டத்தரணி சொல்லவேண்டிய விடயம். மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்யச் செலவில்லை, கட்டாயப்படுத்தும் பலமும் அதற்கு அவ்வளவு இல்லை. கூப்பிட்டு விசாரித்தாலே சில கந்தோர்கள் அசையும் என்பதும் அனுபவம்.

உங்கள் மூன்று முறைப்பாடுகளில் பாதையிலிருந்துதான் தொடங்கச் சொல்வேன். காரணம், அதற்குப் பதில் சொல்ல இன்று தேர்ந்தெடுக்கப்பட்ட ஆள் ஒருவர் உங்கள் வட்டாரத்திலேயே இருக்கிறார். 2023 இல் நடக்கவேண்டிய உள்ளூராட்சித் தேர்தலை நடத்தாமல் விட்டது அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் 2024 ஓகஸ்டில் சொன்னது. 2025 மே 6 இல் தேர்தல் நடந்தது. பிரதேச சபை மாதாமாதம் கூடுகிறது, பார்வையாளராகப் போய் இருக்கலாம். முதலில் சபைக் கந்தோரில் உங்கள் பாதையின் பெயரைச் சொல்லி அது சபையின் வீதிப் பதிவேட்டில் இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். இருந்தால் அது அவர்களுடையது. இல்லையென்றால் அந்தக் கடிதத்தையே இணைத்து மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கு அனுப்பலாம். 'எமது நிரலில் இல்லை' என்று அவர்கள் எழுதுமுன், யாருடையதல்ல என்பதற்கான அத்தாட்சி ஒன்று உங்கள் கையில் இருக்கும். போகும்போது பாதையின் நீளத்தை அளந்து, மாரியில் எடுத்த படம் இரண்டையும் கொண்டுபோங்கள். படத்தின் பின்பக்கத்தில் திகதி எழுத மறக்கவேண்டாம்.